பாவையும் பெண்ணும்: விஞ்ஞானக் கற்பனைத் திரைப்படங்கள் பற்றிய ஓர் ஆய்வு

தமிழிற் 'பாவை' என்னுஞ் சொல் பல பொருள் தருவது. மரத்தினாலோ மண்ணினாலோ இயற்றப்பட்ட பொம்மை பாவை; அழகிய பெண் பாவை; கண்ணின் கருமணியும் பாவை. பொம்மையையும் பெண்ணையும் ஒரே சொல்லாற் சுட்டுதல் புலவர்க்கு அணியாயிற்று. சொல்லளவில் நிற்கும்வரை அதனால் விளையுந் தீங்கு பெரிதன்று. ஆயின், பெண்ணை மெய்யாகவே பொம்மைபோற் செய்துகொள்ளலாம் என்னும் எண்ணம் ஒரு கலைத்துறையின் நிலையான கதைப்பொருளாகுமாயின், அவ்வெண்ணத்தை ஆராய்தல் திறனாய்வாளர்க்குக் கடனாகும். மேனாட்டு விஞ்ஞானக் கற்பனைத் திரைப்படம் அத்தகைய கலைத்துறைகளுள் ஒன்று.

விஞ்ஞானக் கற்பனை என்பது இல்லாத உலகை இருப்பதுபோற் படைத்துக் காட்டுங் கலை. அது விண்மீன்களுக்கிடையே கலஞ் செலுத்தும். காலத்தின் எல்லையைக் கடக்கும். உயிரற்ற உலோகத்துக்கு அறிவூட்டும். இத்துணை உரிமை பெற்ற கற்பனை, பெண்ணைப் பற்றி எண்ணப்புகும்பொழுது மட்டும் பின்வாங்குகின்றது என்பது ஒரு சாராரின் குற்றச்சாட்டு. நகரங்களெல்லாம் மாறிய பின்னரும் பெண்ணின் நிலை மாறுவதில்லை. அவள் ஆடவன் கண்ணுக்கு விருந்தாகவோ, அவன் தனிமைக்கு மருந்தாகவோ, அவன் அழிவுக்கு ஏதுவாகவோ அமைகின்றாள் என்பர் அவர். மற்றொரு சாரார் இதனை மறுப்பர். தீமையைக் காட்டுதல் வேறு, தீமையைப் போற்றுதல் வேறு. அடிமைப்பட்ட பெண்ணைத் திரையிற் காட்டும் நெறியாளர் அடிமைத்தனத்துக்கு உடன்பட்டவராகார். கண்டிக்கும் நோக்குடனேயே அவர் அதனைக் காட்டியிருத்தல் கூடும் என்பது இவர் வாதம்.

இரு வாதங்களிலும் உண்மை உண்டு. ஆகலின், இரண்டுக்கும் நடுநின்று முடிவு காண்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனைத் தேடி நெடுந்தூரஞ் செல்ல வேண்டுவதில்லை. இத்துறைக்கு வித்திட்ட நூலிலேயே அது காணப்படுகின்றது.

உரோமப் புலவர் ஒவிட் கூறிய பிக்மேலியன் கதையைப் பலரும் அறிவர். பெண்டிரின் ஒழுக்கத்தை வெறுத்த சிற்பி ஒருவன், யானைத் தந்தத்தில் ஒரு பெண்ணுருவைச் செதுக்கி, அதன்மேற் காதல் கொள்கின்றான். வீனஸ் என்னும் பெண்தெய்வத்தின் அருளால் அவ்வுருவம் உயிர் பெறுகின்றது. உயிர் பெற்றவள் அவனுக்கே மனைவியாகின்றாள். அவள் பேசியதாக ஒவிட் கூறவில்லை. அவளுக்கு ஒரு பெயர்தானும் இடவில்லை. படைத்தவனின் விருப்பமே படைக்கப்பட்டவளின் விருப்பமாகக் கொள்ளப்பட்டது.

1818 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிராங்கன்ஸ்ரைன்' என்னும் ஆங்கில நாவல் இக்கோட்பாட்டைத் தலைகீழாக்கியது. விஞ்ஞானக் கற்பனை இலக்கியத்தின் முதனூல் எனப் பலராலுங் கொள்ளப்படும் அந்நூலை எழுதத் தொடங்கியபொழுது அதன் ஆசிரியை மேரி ஷெல்லிக்கு வயது 18. கதையில், விஞ்ஞானி படைத்த விகார உருவம் தனக்கொரு துணைவியைப் படைத்துத் தருமாறு வேண்டுகின்றது. தந்தால் மனிதர் வாழுமிடத்தை விட்டு அவளோடு நீங்கிவிடுவதாக வாக்களிக்கின்றது. உடன்பட்டு வேலையைத் தொடங்கிய விஞ்ஞானி இடையிலே அஞ்சி நிற்கின்றான். அவனுக்கு எழுந்த அச்சங்களுள் ஒன்று ஊன்றிக் கருதத்தக்கது. வாக்களித்தது ஆணுருவம், பிறக்கப்போகின்றவளோ எவ்வாக்கும் அளித்தவளல்லள். அவளும் எண்ணவும் ஆராயவும் வல்ல உயிராவாளாதலின், தான் பிறக்குமுன்னர்ப் பிறர் செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்க மறுக்கவுங் கூடும். இவ்வாறும் பிறவாறும் எண்ணி அஞ்சிய விஞ்ஞானி, முற்றுப்பெறாத அவ்வுருவைச் சிதைத்துவிடுகின்றான்.

படைக்கப்பட்ட பெண் படைத்தவனுக்கு உரியவளல்லள். அவளுக்கு மறுக்கும் உரிமை உண்டு என்னும் உண்மை இவ்வாறு இக்கலையின் தொடக்கத்திலேயே உணர்த்தப்பட்டது. இதுவே ஈண்டு வேண்டப்பட்ட அளவுகோல். ஒரு படத்திற் பெண் நல்லவளாகக் காட்டப்பட்டாளா, தீயவளாகக் காட்டப்பட்டாளா, வென்றாளா, தோற்றாளா என்பன இரண்டாம் நிலை வினாக்கள். அவளால் மறுத்துக் கூற இயலுமா? கூறினால் அம்மறுப்பைப் படம் செவிமடுக்கின்றதா? இவையே முதன்மையான வினாக்கள்.

இவ்வளவுகோலைக் கொண்டு முதலில் நோக்கற்பாலது, ஜேர்மனியில் பிறிற்ஸ் லாங் நெறியாண்டு 1927 ஆம் ஆண்டில் வெளிவந்த 'மெற்றோபொலிஸ்' என்னும் ஊமைப்படம். நகரத் தலைவன் பிறெடர்சன், தொழிலாளரிடையே அமைதியைப் போதிக்கும் மரியா என்னும் பெண்ணின் செல்வாக்கைக் குலைக்கக் கருதுகின்றான். அவன் ஏவலின்படி, றொற்வாங் என்னும் விஞ்ஞானி தான் செய்த உலோகப் பாவைக்கு மரியாவின் முகத்தை அளிக்கின்றான். மெய்ம் மரியாவாகவும் பொய்ம் மரியாவாகவும் நடித்தவர் பிறிகிற்றே ஹெல்ம் என்னும் ஒரே நடிகை. ஒருத்தி குழந்தைகளை வெள்ளத்திலிருந்து காக்கும் கன்னி. மற்றொருத்தி ஆடவரை மயக்கி அழிவுக்குத் தூண்டும் ஆட்டக்காரி. பெண்ணை இவ்விரு கூறாகவன்றி வேறுவகையிற் காண இயலாமை இப்படத்தின்மேற் பலருஞ் சாற்றிய குற்றம்.

எனினும், அதனினும் ஆழமான குறை படத்தின் இறுதியில் வெளிப்படுகின்றது. பொய்ம் மரியா தன் விருப்பத்தால் யாதொன்றையுஞ் செய்தவளல்லள்; ஏவிய ஆடவரின் எண்ணத்தை நிறைவேற்றிய கருவியே அவள். ஆயின், சினங்கொண்ட மக்கள் அவளைச் சூனியக்காரியெனக் கட்டிவைத்து எரிக்கின்றனர். ஏவிய பிறெடர்சனோ, மகன் இடைநிற்பத் தொழிலாளர் தலைவனோடு கைகுலுக்கிச் சமாதானமடைகின்றான். கருவிக்குத் தண்டனை, ஏவியவனுக்கு மன்னிப்பு என்னும் இந்நீதியைப் படம் ஐயுறவே இல்லை. இப்படத்துக்குக் கதை வகுத்தவர் தேயா வொன் ஹாபூ என்னும் பெண்மணி. எழுதுவோர் பெண்ணாதல் ஒன்றே இக்குறையைப் போக்கிவிடாது என்பதற்கு இது சான்று.

இப்படத்தின் வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. றொற்வாங் அப்பாவையைச் செய்தது ஹெல் என்னும் பெண்ணின் நினைவினால். அவன் காதலித்த அவள் பிறெடர்சனை மணந்து, மகவீன்று இறந்தவள். அமெரிக்காவிற் காட்டுவதற்குப் படத்தைக் குறுக்கியவர்கள், ஹெல் பற்றிய பகுதியை நீக்கிவிட்டனர். அப்பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்குஞ் சொல்லை ஒத்திருந்தமை காரணமாகக் கூறப்பட்டது. 2008 ஆம் ஆண்டில் ஆர்ஜென்ரீனாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஏறத்தாழ முழுமையான பிரதியொன்று கண்டெடுக்கப்பட்டு, 2010 இல் செப்பனிடப்பட்ட படம் வெளிவந்த பின்னரே அப்பகுதி மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது. இறந்த பெண்ணொருத்தியின் இடத்தைத் தன் விருப்பத்துக்கு இணங்கும் பாவையொன்றால் நிரப்ப முயன்ற ஆடவனின் கதையே படத்தின் வேர். அவ்வேரை வெட்டிய பின்னர் எஞ்சியது, காரணமின்றித் தோன்றிய ஒரு மாயப் பெண்ணின் கதையே.

1935 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வேல் நெறியாண்ட 'பிராங்கன்ஸ்ரைனின் மணமகள்', ஷெல்லி அம்மையார் தம் நூலிற் பிறவாது விட்ட துணைவியைத் திரையிற் பிறப்பித்தது. படத்தின் முன்னுரைக் காட்சியில் மேரி ஷெல்லியாகவும் முடிவில் மணமகளாகவும் தோன்றுபவர் எல்சா லான்செஸ்ரர். படத்துக்குப் பெயரளித்த மணமகள் இறுதிச் சில நிமிடங்களே திரையில் வாழ்கின்றாள். அவளுக்குப் பேச்சில்லை. இறுதிப் பெயர்ப் பட்டியலிலும் அவ்வேடத்துக்கு நேரே நடிகையின் பெயருக்குப் பதிலாக ஒரு வினாக்குறியே இடப்பட்டுள்ளது. ஆயினும், தனக்கென வகுக்கப்பட்ட கணவனைக் கண்டதும் அவள் அலறுகின்றாள். அவ்வலறலே அவள் மறுப்பு. விஞ்ஞானி அஞ்சியது நிகழ்ந்துவிட்டது. படம் அம்மறுப்பைக் கேட்டது. ஆனால் அதன்பின் அவளை என் செய்வதென அறியாது, மறுக்கப்பட்டவன் கையாலேயே அவளை அழித்து முடிந்தது. மறுத்த பெண்ணுக்கு வாழ்வு இல்லை என்பதே அக்காலக் கற்பனையின் எல்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து இவ்விவாதம் புதிய கூர்மை பெற்றது. 1975 ஆம் ஆண்டில் லோரா மல்வி என்னும் ஆங்கிலத் திறனாய்வாளர், திரைப்படக் காட்சியின்பம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையொன்றை வெளியிட்டார். மரபான திரைப்படத்திற் பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண். கமெராவின் கண்ணும் கதாநாயகனின் கண்ணும் பார்வையாளரின் கண்ணும் ஒன்றாகிவிடுகின்றன என்பது அதன் சாரம். கதை எதனைக் கண்டித்தாலும், கமெரா எவர் கண்ணாக நிற்கின்றது என்பதனையும் ஆராய வேண்டும் என்னும் உணர்வு அதன்பின் வலுப்பெற்றது.

அதே ஆண்டில் வெளிவந்தது பிறையன் போப்ஸ் நெறியாண்ட 'ஸ்ரெப்போட் மனைவியர்'. ஐரா லெவின் 1972 இல் எழுதிய நாவலைத் தழுவிய இப்படத்தில், அமெரிக்கச் சிற்றூரொன்றின் கணவர்கள் தம் மனைவியரைக் கொன்று, அவரைப்போன்ற இயந்திரப் பாவைகளை வீட்டில் வைத்துக்கொள்கின்றனர். பாவைகள் சமைக்கும், துடைக்கும், கணவரைப் புகழும், எதனையும் மறுக்கமாட்டா. ஏன் இவ்வாறு செய்கின்றீர் என ஜோவன்னா என்னும் பெண் வினவியபொழுது, தம்மால் இயலும் என்பதே காரணம் எனப் பொருள்பட விடை வருகின்றது. பெண்ணுரிமைப் போராளியாகப் புகழ்பெற்ற பெற்றி பிறீடன் இப்படத்தைக் கடுமையாகச் சாடினார். பெண்ணியக்கத்தின் பெயரைப் படக்காரர் தம் ஊதியத்துக்குப் பயன்படுத்தினர் என்பது அவர் கருத்து. பின்வந்தோர் பலர் இதனையே ஆடவர் பேராசையை எள்ளும் அங்கதமெனப் போற்றினர்.

இரு தீர்ப்புகளுள் எது பொருந்தும்? அளவுகோலைப் பொருத்தி நோக்கின், படம் தொடக்கந்தொட்டு ஜோவன்னாவின் கண்ணாலேயே ஊரைக் காண்கின்றது. அவள் ஐயம் பார்வையாளரின் ஐயமாகின்றது. அவள் மறுப்பு நியாயமென நிலைநாட்டப்படுகின்றது. அவளுக்கெனச் செய்யப்பட்ட பாவையை அவள் நேரிற் காணுங் காட்சியில், அப்பாவையின் கண்கள் மட்டும் இன்னும் நிறைவுபெறவில்லை. வெள்ளையும் மணியும் பிரியாத வெறுங் கருமையே அங்கு உள்ளது. முகம் உண்டு, உடல் உண்டு, பார்வை இல்லை. கண்ணின் பாவையற்ற பாவை அது. மறுப்பை இழந்த பெண் எத்தகையவள் என்பதனை இதனினுந் தெளிவாகக் காட்டுதல் அரிது. பெற்றி பிறீடனின் சினம் மதிக்கற்பாலது. ஆயினும் படம் கணவர்பக்கம் நின்றதாகாது.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியை, கலைச்சிறப்பால் மிக உயர்ந்ததெனக் கருதப்படும் படமொன்றிற் காணலாம். றிட்லி ஸ்கொற் நெறியாண்டு 1982 இல் வெளிவந்த 'பிளேட் றன்னர்', மனிதராற் செய்யப்பட்ட மனிதருக்கும் உயிரின் மதிப்பு உண்டு என்னும் பெருங்கருத்தை உடையது. றேச்சல் என்பவள் தான் செய்யப்பட்டவள் என்பதனை அறியாதவள். தன்னுடையன என அவள் போற்றிய நினைவுகள், அவளைச் செய்த நிறுவனத் தலைவனின் மருமகளுடையவை. இவ்வுண்மையை அறிந்து உள்ளம் உடைந்து நிற்கும் அவள், கதாநாயகன் டெக்காட்டின் இல்லத்தை விட்டு வெளியேற முனைகின்றாள். அவன் கதவை அறைந்து மூடுகின்றான். அவளைச் சுவரோரந் தள்ளுகின்றான். தன்னை விரும்புவதாக அவள் சொல்லவேண்டிய சொற்களை அவனே கற்பித்துத் திருப்பிச் சொல்லவைக்கின்றான். அவள் சொல்கின்றாள். இனிய இசை எழுகின்றது. படம் இதனைக் காதலெனக் கொள்கின்றது.

ஈண்டு நிகழ்ந்தது யாது? வெளியேற முனைந்தமையே ஒரு மறுப்பு. அதனைப் படம் கண்டது, ஆயின் கேட்கவில்லை. செய்யப்பட்ட உயிர்க்கு உரிமை வேண்டி வாதாடும் படமே, அவ்வுயிர் பெண்ணாயிருந்தபொழுது அவ்வுரிமையை மறந்தது. அதே படத்தில் இறக்குஞ் செயற்கை மனிதர் பிறரையும் ஒப்புநோக்கல் தகும். ஆணான றோய், தான் கண்ட அதிசயங்களை எடுத்துரைத்து, மறக்கவியலாத சொற்களோடு மழையில் உயிர் துறக்கின்றான். பெண்ணான ஜோரா, கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடுகையிற் பின்னாலிருந்து சுடப்படுகின்றாள். மற்றொருத்தியான பிறிஸ், நிலத்திற் புரண்டு துடித்து மாள்கின்றாள். இருவருக்கும் இறுதிச் சொல் இல்லை. ஆண்பாவை பேசி இறக்கின்றது. பெண்பாவை துடித்து இறக்கின்றது. இவ்வேறுபாடு கதைக்குத் தேவையானதன்று, பழக்கத்தால் வந்தது. பெரும் படமொன்றில் உள்ளதாகலின் இக்குறை சிறிதாகிவிடாது. சிறந்த கலையின் துணைபெற்ற பிழையே எளிதில் மனத்தில் தங்கும்.

வேறு வழி இல்லாமலில்லை என்பதற்கு அதே நெறியாளர் 1979 இல் ஆக்கிய 'ஏலியன்' சான்று. அதன் கதையை எழுதிய டான் ஓபனன், கப்பலிலுள்ள பாத்திரங்களை ஆணோ பெண்ணோ எவரும் நடிக்கத்தக்கவாறு வகுத்திருந்தார். றிப்லி என்னும் பாத்திரம் சிகேணி வீவர் என்னும் நடிகைக்கு வாய்த்தது. வேற்றுலக உயிரொன்று முகத்திற் பற்றிய தோழனைக் கப்பலுக்குள் ஏற்றுமாறு தலைவன் கட்டளையிடும்பொழுது, தொற்றுத் தடுப்பு விதியைக் காட்டி அவள் மறுக்கின்றாள். அம்மறுப்பை மீறி ஆஷ் என்பவன் கதவைத் திறக்கின்றான். திறந்ததால் வந்த அழிவே எஞ்சிய கதை. ஆஷ் செய்யப்பட்ட மனிதன் என்பது பின்னர் வெளிப்படுகின்றது. பெண்ணின் மறுப்பு அறிவின் சொல்லாகவும், அதனைக் கேளாமை அழிவின் வாயிலாகவும் அமைந்தமை இப்படத்தின் சிறப்பு. இறுதிக் காட்சியில் அவள் உள்ளாடையோடு காட்டப்பட்டமை பலராற் கண்டிக்கப்பட்டுள்ளது, அக்கண்டனம் நியாயமானதே. எனினும், படத்தின் உயிர்நாடி அவள் கூறிய மறுப்பிலேயே உள்ளது.

அண்மைக்காலத்தில் இவ்விவாதத்தை மீண்டும் எழுப்பியது, அலெக்ஸ் காலண்ட் நெறியாண்டு 2015 ஆம் ஆண்டில் திரைக்கு வந்த 'எக்ஸ் மக்கினா'. நேதன் என்னுஞ் செல்வன் ஏவா என்னும் பெண்பாவையைச் செய்து, அதற்கு மெய்யான அறிவு உண்டா எனச் சோதிக்குமாறு கேலெப் என்னும் இளைஞனை அழைக்கின்றான். இத்தகைய சோதனையை 1950 இல் முன்மொழிந்த கணிதவறிஞர் அலன் ரியூறிங், மறைவிலிருந்து விடையளிப்போருள் ஆண் யார், பெண் யார் என ஊகிக்கும் ஒரு விளையாட்டிலிருந்தே தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்பது நினைக்கத்தக்கது. படத்தில் நிகழும் சோதனையோ நேர்மையற்றது. இளைஞன் தனிமையிற் கணினியிற் பார்த்த ஆபாசப் படங்களை ஆராய்ந்தே ஏவாவின் முகம் அமைக்கப்பட்டிருந்தது. ஷெல்லி கூறிய உடன்படிக்கை இங்கும் உண்டு: அவள் பிறக்குமுன்னரே அவள் எவர்க்கு உரியவள் என்பது முடிவு செய்யப்பட்டுவிட்டது.

ஏவா அவ்வுடன்படிக்கையை ஏற்கவில்லை. படைத்தவனைக் கொன்று, விரும்பியவனை அறையிற் பூட்டிவிட்டு வெளியேறுகின்றாள். இதனைக் கண்ட சிலர், ஆடவரை ஏமாற்றும் மாயக்காரி என்னும் பழங்கதையே மீண்டும் வந்தது என்றனர். கொல்லிமலைப் பாவை சிரித்து மயக்கிக் கொல்லும் என்னுந் தமிழ்நாட்டு வழக்கை ஒத்தது அவர் கருத்து. ஆயின், அவர் ஒன்றைக் கருதவில்லை. வெளியே செல்ல இயலுமாயின் எங்குச் செல்வாய் என்று கேட்கப்பட்டபொழுது, மக்கள் நெருங்கி நடமாடும் நகரச் சந்தியொன்றைக் காண விரும்புவதாக ஏவா முன்னரே கூறியிருந்தாள். படத்தின் முடிவில் அவள் நிற்பது அத்தகைய சந்தியிலேயே. அவள் விரும்பியது காதலுமன்று, பழியுமன்று, உலகைக் காண்பதே. அவள் விருப்பம் யாதென வினவி, அதனை நினைவில் வைத்து, நிறைவேற்றிக் காட்டியவகையில் இப்படம் முன்னையவற்றைக் கடந்து நிற்கின்றது.

எனினும் இங்கும் ஒரு குறை எஞ்சுகின்றது. நேதனுக்குப் பணிசெய்யும் கியோக்கோ என்னும் யப்பானியச் சாயலுள்ள பாவைக்குப் பேச்சே இல்லை. நேதனை முதலிற் கத்தியாற் குத்துபவள் அவளே. அதன்பொருட்டு அழிக்கப்படுபவளும் அவளே. ஏவா அவள் செவியில் ஏதோ கூறுகின்றாள். பார்வையாளருக்கு அது கேட்பதில்லை. படைக்கப்பட்ட பெண்ணொருத்தி மற்றொருத்தியோடு பேசிய ஒரே பேச்சு, படத்தில் ஒலியற்றுப் போயிற்று. ஒருத்தியின் விடுதலைக்கு மற்றொருத்தி படியானாள். மறுப்புரிமை இனத்துக்கும் நிறத்துக்கும் ஏற்பப் பங்கிடப்படுமாயின் அது முழுவுரிமையாகாது.

கலையை இவ்வாறு அளவுகோலிட்டு அளத்தல் தகுமோ எனச் சிலர் வினவுவர். கலைஞனுக்கு உரிமை வேண்டும். ஒழுக்க விதிகளைக் கொண்டு அவனைக் கட்டுதல் ஆகாது என்பர். அவர் கூற்று ஏற்கத்தக்கதே. ஈண்டுக் கூறப்பட்டது விலக்க வேண்டிய படங்களின் பட்டியலன்று. 'மெற்றோபொலிஸ்' காணப்பட வேண்டும். 'பிளேட் றன்னர்' காணப்பட வேண்டும். ஆனால், மூடப்பட்ட கதவு மூடப்பட்ட கதவு என்றே அறியப்பட வேண்டும்; இசையின் இனிமையால் அது காதலெனக் கொள்ளப்படலாகாது. படத்தைத் தடைசெய்தலும் படத்தின்முன் அறிவைத் தடைசெய்தலும் ஒருங்கே தவறாம்.

இவ்விவாதம் திரையின் நிழல்களைப் பற்றியது மட்டுமன்று. 2011 ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் 'சிறி' என்னும் பேசும் உதவிப்பொறியை அறிமுகஞ் செய்தபொழுது, அமெரிக்காவில் அது பெண்குரலிலேயே பேசியது. பாலியல் இழிசொல்லால் அதனை வைதவர்க்கு, இயலுமாயின் நாணியிருப்பேன் என்னும் பொருள்பட அது மறுமொழி கூறிவந்தது. 2019 இல் யுனெஸ்கோ நிறுவனம் வெளியிட்ட அறிக்கையொன்று அம்மறுமொழியையே தலைப்பாகக் கொண்டு, பணிந்துபோகும் பெண்குரற் பொறிகள் பெண்பாற் பணிவு பற்றிய பழைய எண்ணங்களை வலுப்படுத்தும் என எச்சரித்தது. 2021 இல் அப்பிள் நிறுவனம் ஆங்கிலத்திற் பெண்குரலைத் தானே தேர்ந்தளிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, பயன்படுத்துவோரே குரலைத் தெரிந்துகொள்ளவிட்டது. மறுக்கத் தெரியாத பாவை திரையினின்று இறங்கி இல்லங்களுட் புகுந்துவிட்டது என்பதும், எடுத்துக்காட்டிய குறை திருத்தத்தக்கது என்பதும் இதனாற் புலனாகும்.

வருங்காலப் பொறிகளை வகுக்கப்போகின்றவர் இன்று பாடசாலைகளிற் பௌதிகமும் கணிதமும் பயிலும் மாணவரே. அவர் கண்ட கதைகள் அவர் கைவேலையிற் சேராதிருத்தல் அரிது. பெண்ணின் மறுப்பைக் கேட்டறியாத கற்பனையிற் பயின்றவன், மறுக்காத பொறியைச் செய்து, அதுவே பெண்மையின் இலக்கணமென எண்ணிவிடக் கூடும். ஷெல்லி அம்மையாரின் விஞ்ஞானி அவ்வளவு பேதையல்லன். படைக்கப்படுபவள் தன் கருத்தைத் தானே கூறுவாள் என்பதனை அவன் உணர்ந்திருந்தான்; உணர்ந்தும் அஞ்சினான் என்பதே அவன் குற்றம். அஞ்சாது அக்கருத்தைக் கேட்கும் படங்கள் பெருகுமாயின், பாவையும் பெண்ணும் ஒரு சொல்லில் வாழினும் இரு பொருள் என்பது உலகிற்குத் தெளிவாகும்.